கைபேசித் திரைக்குப் படக்கதை வரைய: டெல்டாவிலிருந்து தொடங்குபவர்களுக்கு

கும்பகோணம், திருவாரூர், மன்னார்குடி பக்கமெல்லாம் படம் போடத் தெரிந்த பிள்ளைகளுக்குக் குறைவே இல்லை. அவர்களில் சிலர் துணிந்து ஒரு முழுக் கதையை ஏ4 தாளில் வரைந்து, கைபேசியில் படமெடுத்து, நண்பர்கள் குழுவில் போடுகிறார்கள். பார்ப்பவர் இரண்டு விரலால் பெரிதாக்குகிறார், இந்தப் பக்கம் தள்ளுகிறார், அந்தப் பக்கம் தள்ளுகிறார். எழுத்து தெரியவில்லை. இரண்டாம் பக்கத்தோடு வெளியே வந்துவிடுகிறார். வரைந்தவரோ தன் படம் சரியில்லை என்று நினைத்துக்கொள்கிறார். பெரும்பாலும் படத்தில் குறை இருக்காது. தாளில் படிப்பதற்கென்று அமைத்த கதையை உள்ளங்கை அகலத் திரையில் படிக்கச் சொன்னதில்தான் குறை.

வெப்காமிக்ஸ், அதாவது இணையத்தில் வெளியிடும் படக்கதை, வரைய நினைப்பவர்கள் எந்த ஆப் நல்லது என்றுதான் முதலில் கேட்கிறார்கள். அது பிறகு. படிப்பவரின் கை என்ன செய்கிறது என்று முதலில் கவனியுங்கள்.

பக்கம் புரட்டும் கை, திரையைத் தள்ளும் விரல்

தமிழில் அச்சு காமிக்ஸ் என்றால் சிவகாசிதான் நினைவுக்கு வரும். 1972இல் இரும்புக்கை மாயாவியோடு முத்து காமிக்ஸ் அங்கிருந்து வரத் தொடங்கியது. 1984இல் லயன் காமிக்ஸும் வந்தது. பழைய இதழ்களைப் பெட்டியில் போட்டுப் பத்திரமாக வைத்திருப்பவர் உங்கள் ஊரிலும் ஒருவராவது இருப்பார். ஓர் இதழ் கையில் கிடைத்தால், கதையை விட்டுவிட்டு அமைப்பை மட்டும் பாருங்கள். வலப்பக்கத்தின் கடைசிக் கட்டத்தில் யாரோ கதவைத் தட்டுவார்கள். யார் என்று தெரிய பக்கம் புரட்ட வேண்டும். காமிக்ஸ் வரைபவர்கள் காலங்காலமாகக் கையாளும் உத்தி இது. அடுத்தடுத்த இரண்டு பக்கங்களும் ஒரே நேரத்தில் கண்ணில் படுவதால், ரகசியத்தை எதிர்ப்பக்கத்தில் வைக்க முடியாது, புரட்டிய பின்தான் வைக்க முடியும். பக்கங்களின் எண்ணிக்கையும் வரைபவர் கையில் இல்லை. அச்சுக்கூடத்தில் பாரம் கணக்கு, அதாவது 16 பக்கம், 32 பக்கம் என்றுதான் போகும். கதை இரண்டு பக்கம் நீண்டால் எங்காவது வெட்டியே ஆக வேண்டும்.

இணையத்தில் இந்தக் கட்டாயங்கள் எதுவும் இல்லை. ஆனால் இது உடனே எல்லோருக்கும் பிடிபட்டுவிடவில்லை. வலைத்தளங்களில் காமிக்ஸ் வரத் தொடங்கிய 1990களில், 1993இல் வந்த டாக்டர் ஃபன் போன்றவை பத்திரிகைகளில் வரும் ஒற்றைப் படத் துணுக்கின் வடிவத்திலேயே இருந்தன. திரை என்பது பக்கம் இல்லை, அது ஒரு ஜன்னல், அதன் பின்னால் படம் எவ்வளவு நீளமாகவும் இருக்கலாம் என்று அமெரிக்க ஓவியர் ஸ்காட் மெக்ளவுட் 2000ஆம் ஆண்டில் எழுதினார். அதைப் பெரிய அளவில் நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்கள் கொரியர்கள். நேவர் நிறுவனம் 2004இல் தொடங்கிய வெப்டூன் சேவையில், மேலிருந்து கீழே ஒரே நீளப் பட்டையாகக் கதை ஓடும் வடிவம் வளர்ந்தது. கைபேசிகள் வந்ததும் அது உலகம் முழுக்கப் பரவிவிட்டது.

பட்டையாக ஓடும் கதை நமக்குப் புதிதல்ல என்பதைச் சொல்லியே ஆக வேண்டும். திருவாரூர் தியாகராஜர் கோயிலில் தேவாசிரிய மண்டபத்தின் விதானத்தில் முசுகுந்த சக்கரவர்த்தியின் கதை பட்டை பட்டையாக வரையப்பட்டிருக்கிறது. காட்சிகளை விளக்கித் தமிழிலேயே எழுதியும் வைத்திருக்கிறார்கள். முந்நூறு ஆண்டுப் பழமை உள்ள ஓவியங்கள். நிமிர்ந்து பார்த்துக்கொண்டே நடந்தால்தான் கதை நகரும். தாராசுரத்திலும் நாயன்மார் கதைகள் சிறுசிறு சிற்பங்களாகப் பெயர் பொறித்து வரிசையாக இருக்கின்றன. திருவாரூர்ப் பக்கம் இருப்பவர்கள் ஒரு மாலை அந்த மண்டபத்தில் நின்று, ஒரு காட்சி எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். இடைவெளி என்றால் என்ன என்று எந்தப் பாடக்குறிப்பையும் விட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

முதலில் முடிவு செய்ய வேண்டியது

உங்கள் கதையை மேலிருந்து கீழே தள்ளிப் படிக்கப்போகிறார்களா, பக்கவாட்டில் தள்ளிப் படிக்கப்போகிறார்களா? இரண்டும் வேறு வேறு. யார் வேண்டுமானாலும் கதை ஏற்றக்கூடிய வெப்டூன் கேன்வாஸ் போன்ற இடங்களில் கீழ்நோக்கிய ஓட்டம். இன்ஸ்டாகிராமில் பல படங்களை ஒரே பதிவாகப் போட்டால் பக்கவாட்டு ஓட்டம். இந்த இரண்டாவது வகையில் பக்கம் புரட்டும் பழைய உத்தி அப்படியே திரும்ப வந்துவிடுகிறது. அடுத்த படம் விரலைத் தள்ளும்வரை தெரியாது என்பதால், திடுக்கிடல், சிரிப்பு, திருப்பம் எல்லாவற்றையும் அங்கே ஒளித்து வைக்கலாம். கீழ்நோக்கிய ஓட்டத்தில் அடுத்த கட்டத்தின் தலை முன்கூட்டியே எட்டிப் பார்த்துவிடும். அங்கே ஒளித்து வைக்க இடைவெளிதான் ஒரே வழி.

புதிதாகத் தொடங்குபவருக்கு நான் சொல்வது இன்ஸ்டாகிராம் வடிவம்தான். 1080க்கு 1350 பிக்சல், எட்டு அல்லது பத்து படம், ஒரு சிறுகதை. அதை முடித்த பிறகு நீளப்பட்டைக்குப் போகலாம். ஆனால் காட்சிகளில் நிதானம் வேண்டும், காத்திருப்பு வேண்டும், மௌனம் வேண்டும் என்றால் பட்டைக்கு ஈடு இல்லை.

கதையைப் பொறுத்தவரை, முதல் முயற்சிக்கே சோழர் காலப் பெருங்கதையில் இறங்காதீர்கள். தஞ்சாவூரில் பிறந்தவர்களுக்கு இந்த ஆசை வருவது இயல்பு. குதிரை, யானை, கோட்டை, கூட்டம் என்று மூன்றாவது எபிசோடிலேயே கை ஓய்ந்துவிடும். இரண்டு ஆள், ஒரு இடம், ஒரு நிகழ்ச்சி போதும். பேருந்துக்குக் காத்திருப்பது, நெல் கொள்முதல் நிலையத்தில் மழை வருவது, பாத்திரக்கடையில் பேரம் பேசுவது. தெருவில் இறங்கி நேரில் பார்த்து வரைய முடிகிற எதுவானாலும் சரி.

ஒரே காட்சி, இரண்டு விதமாக

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது வழக்கம். அங்கே திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, காவிரி, வெண்ணாறு என்று பிரிந்து, வாய்க்கால்களில் இறங்கிக் கடைமடைக்கு வந்து சேரப் பல நாள் ஆகும். கடைமடையில் ஒரு மதகடி. ஒரு தாத்தாவும் பேத்தியும் காத்திருக்கிறார்கள். தண்ணீர் வருகிறது. இவ்வளவுதான் கதை.

அச்சுக்கு வரைந்தால் வலப்பக்கத்தில் ஆறு கட்டம் போடலாம். வெடித்த வாய்க்கால் தரை, மதகுப் பலகை, தாத்தாவின் கால், பேத்தி கல்லைத் தூக்கிப் போடுவது, இருவரும் பேசாமல் உட்கார்ந்திருப்பது. கடைசிக் கட்டத்தில் பேத்தி தலையைத் திருப்புகிறாள். பக்கம் புரட்டினால் இரண்டு பக்கமும் சேர்ந்த ஒரே படமாகத் தண்ணீர். புத்தகத்தை விரித்த அகலம் முழுக்க அந்தப் படம் பரவும். அந்த அகலம்தான் அச்சின் பலம். கைபேசிக்கு அது கிடையாது.

பட்டையில் அதே காட்சிக்கு அகலத்தை மறந்துவிட்டு நீளத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். காய்ந்த வாய்க்காலை மேலிருந்து பார்ப்பதுபோல் திரையின் முழு அகலத்தில், இரண்டு திரை நீளத்துக்கு வரையுங்கள். விரல் தள்ளத் தள்ள வெடிப்புகள் மட்டுமே போய்க்கொண்டிருக்கும். கீழே மிகச் சிறியதாக இரண்டு உருவம். அப்புறம் வெற்றிடம். பிறகு,

“எப்ப தாத்தா வரும்?”

“வரும்மா.”

மறுபடி வெற்றிடம், இந்த முறை இன்னும் நீளமாக. அதன் நடுவில் சிறிய எழுத்தில் ஒரே ஒரு ஓசை: சலசல. இன்னும் கொஞ்சம் வெற்றிடம். அடுத்து பேத்தியின் கண் மட்டும். அதற்குக் கீழே, பட்டையின் மேலிருந்து கீழாகவே இறங்கும் தண்ணீர். அதாவது வெடிப்புகளின் மேல் வாசகரின் விரல் போன அதே திசையில் தண்ணீரும் போகிறது. நுரை, சருகு, மிதந்து வரும் ஒரு செருப்பு எல்லாம் தாண்டி, கடைசியில் தாத்தாவின் பாதத்தைத் தொடுகிறது. “தாத்தா, தண்ணி வந்துட்டுது!” என்ற வசனப் பலூனை அதற்கு முன்னால் வைத்தால் காட்சி செத்துவிடும். பாதம் நனைந்த பிறகு வையுங்கள், இல்லாவிட்டால் எடுத்தே விடுங்கள்.

இடைவெளிக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். 800 பிக்சல் அகலப் பட்டை இன்றைய கைபேசியில் விரியும்போது ஒரு நேரத்தில் கண்ணில் படுவது சுமார் 1500, 1600 பிக்சல் உயரம். பேச்சு தொடர்ந்தால் கட்டங்களுக்கு நடுவே 150, 200 பிக்சல் போதும். காட்சி மாறினால் 600. நேரம் கடந்துவிட்டது, அல்லது ஏதோ நடக்கப்போகிறது என்றால் 1000க்கு மேல். 1600 விட்டால் முழுத்திரையும் காலி. அதை ஓர் எபிசோடில் ஒரு தடவைக்கு மேல் செய்தால் படம் வரவில்லை, சிக்னல் போய்விட்டது என்றுதான் வாசகர் நினைப்பார்.

வரைவது

வரையும் ஆப் என்றால், கணினி இருந்தால் கிருதா, கைபேசிதான் இருக்கிறது என்றால் ஐபிஸ் பெயின்ட். கிருதா முற்றிலும் இலவசம். ஐபிஸ் பெயின்டைக் காசு கொடுக்காமலே பயன்படுத்தலாம். இரண்டுமே இல்லாமல் தாளிலும் செய்யலாம். ஏ4 தாளை நீளவாக்கில் இரண்டாகக் கிழித்தால் பத்தரை சென்டிமீட்டர் அகலத்தில் நீளத்துண்டு கிடைக்கும். அவற்றை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, பென்சிலில் போட்டு, கறுப்புப் பேனாவால் இழுங்கள். பட்டையின் ஓட்டம் கைக்குப் பழக இதைவிடச் சுலபமான வழி எனக்குத் தெரியவில்லை. ஜெராக்ஸ் கடையில் 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி என்ற கணக்கில், ஸ்கேன் செய்து கொடுக்கச் சொன்னால் சுமார் 2480 பிக்சல் அகலம் வரும். தாராளம்.

திரையில் நேரடியாக வரைபவர்களும் 800 பிக்சலில் வரையக் கூடாது. 2400 அகலத்தில் வரைந்து, ஏற்றும்போது மட்டும் சுருக்குங்கள். இது ஏன் என்பது புத்தகம் போட ஆசை வரும் அன்று புரியும். 800 பிக்சலை 300 டிபிஐயில் அச்சிட்டால் இரண்டே முக்கால் அங்குலம்கூட வராது. பெரிய அளவில் மூலக்கோப்பு இல்லாததால் நல்ல கதைகள் அச்சேற முடியாமல் நின்றுபோவது வருத்தமான விஷயம். கோடு, வண்ணம், பலூன், எழுத்து ஒவ்வொன்றையும் தனித்தனி லேயரில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித் தாள் மாதிரி) வைத்துக்கொள்வதும் அதற்காகத்தான்.

முழுக் கதையையும் முதலில் குச்சி மனிதர்களாகப் போட்டு, கைபேசியில் ஏற்றி, தள்ளித் தள்ளிப் படித்துப் பாருங்கள். நின்று பார்க்க வேண்டிய இடத்தில் விரல் நிற்கவில்லை என்றால் அப்போதே திருத்துவது சுலபம். வண்ணம் தீட்டிய பிறகு மனசு வராது.

எழுத்துதான் தமிழில் பெரிய வேலை

தமிழ் வெப்காமிக்ஸில் அதிகம் சொதப்புவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

சில வரைகலை ஆப்களில் தமிழைத் தட்டினால் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும். ‘கொ’ என்று அடித்தால் கொம்பு இடம் மாறி, நடுவில் புள்ளி வட்டம் வந்து நிற்கும். பழைய ஃபோட்டோஷாப்பில் இது வந்தால் அமைப்புகளில் எழுத்துப் பகுதிக்குப் போய் உலக மொழிகளுக்கான எழுத்து எஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். சரியாகாத ஆப் என்றால் போராட வேண்டாம். கேன்வாவிலோ இங்க்ஸ்கேப்பிலோ வசனத்தை அடித்து, பின்னணி இல்லாத பிஎன்ஜி படமாக எடுத்து, பலூன் மேல் வைத்துவிடலாம்.

எழுத்துருவைக் கண்ட இடத்திலிருந்தும் இறக்காதீர்கள். கூகுள் எழுத்துருக்களில் பாலூ தம்பி, கவிவனார், கேட்டமரன் (Catamaran), முக்தா மலர் என்று தமிழுக்கு நல்லவை இருக்கின்றன. திறந்த உரிமத்தில் வருவதால் நாளைக்குப் புத்தகமாக விற்றாலும் சிக்கல் இல்லை. வசனத்துக்கு ஒன்று, ஓசைக்கு ஒன்று என இரண்டு போதும். ஓசைச் சொற்களைக் கையாலேயே எழுதினால் இன்னும் அழகு.

அளவு: 800 பிக்சல் பட்டையில் எழுத்து 30 பிக்சலுக்குக் குறையக் கூடாது என்பது என் கருத்து. ஆங்கிலத்துக்கு 24 போதலாம். நமக்கு ‘ணை’, ‘ஞூ’ போன்றவை சின்ன அளவில் அப்பிப்போய்விடும். மேலே புள்ளியும் விசிறியும், கீழே சுழியும் இருப்பதால் வரிகளுக்கு நடுவேயும் தாராளமாக இடம் விடுங்கள்.

அடுத்தது சொல்லின் நீளம். ‘போய்க்கொண்டிருந்தவர்களிடம்’ என்ற ஒரு சொல்லே பலூனை நிரப்பிவிடும். அதை நடுவில் உடைத்து அடுத்த வரிக்குக் கொண்டுபோனால் படிப்பவர் தடுக்கி விழுவார். எழுத்தைச் சுருக்காதீர்கள், வசனத்தை மாற்றுங்கள். “நான் கிளம்பிக்கொண்டிருக்கிறேன்” என்பதை “கெளம்பிட்டேன்” என்றாலே பாதி இடம் மிச்சம், ஆளும் உயிரோடு பேசுவார். ஒரு பலூனுக்கு மூன்று வரி, ஒரு வரிக்கு இரண்டு மூன்று சொல். வசனத்தை முதலில் எழுதி வைத்து, அதைச் சுற்றிப் பலூனை வரையுங்கள். பலூனை முதலில் போட்டுவிட்டு எழுத்தைத் திணிக்கும்போதுதான் எல்லாம் கெடுகிறது.

ஏற்றுவது

வெப்டூன் கேன்வாஸில் பட்டையை 800க்கு 1280 பிக்சல் துண்டுகளாக வெட்டி ஏற்ற வேண்டும். படிக்கும்போது ஒன்றாகச் சேர்ந்துதான் தெரியும். இருந்தாலும் பலூனின் நடுவிலோ முகத்தின் நடுவிலோ வெட்டாதீர்கள். சிக்னல் மெதுவாக இருக்கும் ஊரில் ஒரு துண்டு வந்து அடுத்த துண்டு வர நேரமாகும், அதுவரை பாதி முகம் தொங்கிக்கொண்டிருக்கும். வண்ணப் படங்களை ஜேபெக் கோப்பாகத் தரம் 80, 85இல் சேமித்தால் எடை குறையும். கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படத்துக்கு பிஎன்ஜி.

வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், எழுத்து மங்கும். இணைப்பை அனுப்புங்கள், முடியாவிட்டால் டாக்குமென்டாக அனுப்புங்கள். படம் கைமாறிக் கைமாறிப் போகும்போது யார் வரைந்தது என்பதே காணாமல்போய்விடும். அதனால் ஒவ்வொரு படத்தின் ஓரத்திலும் சிறியதாக உங்கள் பெயர் இருக்கட்டும். முகத்தின் மேல் பெரிய வாட்டர்மார்க் வேண்டாம், அது வாசகரைத்தான் தண்டிக்கும்.

படத்துக்குள் இருக்கும் எழுத்து தேடலில் சிக்காது. பதிவின் கீழே கதையின் பெயர், எபிசோடு எண், இரண்டு வரிச் சுருக்கம் ஆகியவற்றைத் தமிழிலேயே தட்டச்சு செய்யுங்கள். பார்வைக் குறைபாடு உள்ளவர்களின் கைபேசி வாசித்துக் காட்டவும் அது உதவும். நடு எபிசோடில் வந்து விழுபவர்கள்தான் அதிகம் என்பதால், முதல் எபிசோடுக்குப் போகும் வழி எல்லா இடத்திலும் கண்ணில் பட வேண்டும். காசு கொடுத்துப் புத்தகம் வாங்கியவர் பத்து பக்கம் பொறுத்துக்கொள்வார். இலவசமாகப் படிப்பவர் மூன்று திரைக்குள் முடிவு செய்துவிடுவார்.

தவணையை உங்கள் கைக்கு ஏற்றபடி வையுங்கள். 1960இல் தொடங்கிய கன்னித்தீவு தினத்தந்தியில் நாள்தோறும் சில கட்டங்களாக வந்தே தலைமுறைகளைப் பிடித்து வைத்தது. குறைவாகக் கொடுத்தாலும் சொன்ன நாளில் கொடுப்பதுதான் அதன் பலம். மாதம் இரண்டு என்றால் இரண்டு. முதல் எபிசோடை வெளியிடும்போது அடுத்த நான்கு கையில் தயாராக இருந்தால் அறுவடை, பரீட்சை, கல்யாணம் எது வந்தாலும் சமாளிக்கலாம்.

உரிமை பற்றிச் சுருக்கமாக. இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி, நீங்கள் வரைந்த அந்தக் கணமே உரிமை உங்களுடையது, பதிவு கட்டாயம் இல்லை. அதேபோல் அடுத்தவர் வரைந்ததும் அவருடையது, அவர் மறைந்து 60 ஆண்டுவரை. கல்கி 1954இல் மறைந்ததால் பொன்னியின் செல்வன் கதையை யாரும் வரையலாம். ஆனால் அந்தப் பாத்திரங்களுக்கு ஓவியர் மணியம் வரைந்த முகங்களை அப்படியே பெயர்த்து எடுப்பது வேறு விஷயம், அதைச் செய்யாதீர்கள். வந்தியத்தேவனுக்கு உங்கள் ஊரில் நீங்கள் பார்த்த முகம் ஒன்றைக் கொடுங்கள்.

பிறகு புத்தகமாகப் போட

ஐந்தாறு எபிசோடு சேர்ந்ததும் புத்தக ஆசை வரும், வர வேண்டும். திரையில் படிக்காத உங்கள் அப்பாவும் பக்கத்து வீட்டு அத்தையும் படிக்க அதுதான் வழி. ஆனால் பட்டையைப் பக்க அளவுக்கு வெட்டி ஒட்டினால் புத்தகம் ஆகாது. இடைவெளிகளெல்லாம் வெறும் வெள்ளைத்தாளாக நிற்கும். மதகடிக் காட்சியை மறுபடி கட்டங்களாகப் பிரித்து, தண்ணீர் வரும் இடம் பக்கம் புரட்டிய பிறகு வரும்படி கணக்குப் போட்டு, சில படங்களை அகலமாக வரைந்து சேர்க்க வேண்டியிருக்கும். மொத்தம் 16 அல்லது 32 பக்கத்தில் நிற்கும்படி பாருங்கள். ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விடுங்கள்.

வண்ணத்தில்தான் ஏமாற்றம் காத்திருக்கும். திரை ஒளியால் காட்டுகிறது, அச்சு மையால் காட்டுகிறது. நாற்றங்காலின் அந்தப் பளிச்சென்ற இளம்பச்சை திரையில் கண்ணைப் பறிக்கும், நான்கு வண்ண அச்சில் மங்கி வாடிய பச்சையாகிவிடும். எவ்வளவு திருத்தினாலும் அந்தப் பளிச்சு மையில் முழுசாக வராது. பக்கத்தில் உள்ள நிறங்களைக் கொஞ்சம் அடக்கினால் பச்சை எடுப்பாகத் தெரியும். மொத்தமாக அச்சுக்குக் கொடுக்கும் முன், வயல் வரும் ஒரு பக்கத்தை மட்டும் தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ டிஜிட்டல் பிரின்ட் கடையில், புத்தகத்துக்கு வைத்திருக்கும் அதே தாளில் எடுத்துப் பாருங்கள். அதைப் பகல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்துத் திருத்திய பிறகு மற்ற பக்கங்களைக் கொடுக்கலாம்.